மஸ்கிட்டோ டங்க்ஸ்: எந்தத் தண்ணீருக்கு வாங்கலாம், எதற்கு வீண்

2024 ஜனவரி 15-இல் பெலால் புயல் மழையில் போர்ட் லூயிஸ் மூழ்கியது. அந்த ஆண்டு மொரீஷியசில் டெங்குவும் பரவியது. அடுத்த மழைக்கு, தேங்கிய நீரில் போட்டுக் கொசுப்புழுவைக் கொல்லும் இந்த மஸ்கிட்டோ டங்க்ஸ் வில்லையை வாங்கி வைக்கலாமா? வைக்கலாம், ஆனால் கவிழ்க்க முடியாத தண்ணீருக்கு மட்டும்.

மெதுவடைபோல் நடுவில் ஓட்டையோடு மிதக்கும். உள்ளிருப்பது பி.டி.ஐ. என்ற பாக்டீரியா. தின்ற கொசுப்புழு குடல் சிதைந்து ஒரு நாளில் சாகும். மீனுக்கும் நாய்க்கும் கெடுதல் இல்லை. சுமார் 30 நாள் வேலை செய்யும்.

அளவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இதற்கு லிட்டர் கணக்கே கிடையாது, நீர்ப்பரப்புதான் கணக்கு. ஆழம் எவ்வளவானாலும் 100 சதுர அடிக்கு, அதாவது ஏறக்குறைய 9 சதுர மீட்டருக்கு, ஒன்று. 200 லிட்டர் பீப்பாயின் வாய் 3 சதுர அடிகூட வராது. கால் வில்லை போதும்.

வெள்ளம் வடிந்த முதல் சில நாள் கொசு குறைந்ததுபோல் தெரியும். புழுக்களை நீர் அடித்துக்கொண்டு போயிருக்கும், அவ்வளவுதான். இங்கே டெங்குவைப் பரப்பும் வரிக்கொசுவின் முட்டை பாத்திரச் சுவரில் ஒட்டி, மாதக்கணக்கில் காய்ந்தும் பிழைத்திருக்கும். நனைந்ததும் பொரிந்து, கோடை வெப்பத்தில் 7 முதல் 10 நாளில் கொசுவாகிவிடும். அதனால் முதல் வாரமே போட வேண்டும்.

'போட்டும் கொசு வருகிறது' என்ற புகாருக்குப் பெரும்பாலும் கூட்டுப்புழுதான் காரணம். கமா வடிவில் குட்டிக்கரணம் போடும் அது எதையும் தின்பதில்லை, அதனால் சாவதுமில்லை. அது தெரிந்தால் தண்ணீரைக் காய்ந்த மண்ணில் கொட்டுங்கள். சேறு கலங்கிய நீரிலும் பலன் குறையும், மருந்து வண்டலோடு அடியில் தங்கிவிடும். ஓடும் வடிகாலில் போட்டால் வில்லை கடலுக்குப் போகும். தேங்கும் மூலையில் ஓட்டையில் கயிறு கோத்துக் கட்டுங்கள். குடிநீர்த் தொட்டியில் மட்டும் போடவே கூடாது. அதற்கு இறுக்கமான மூடிதான் மருந்து. பறக்கும் கொசுவை இது ஒன்றும் செய்யாது.

டயர், பூந்தொட்டித் தட்டு, காவடி முடிந்து வெளியே கிடக்கும் செம்பு ஆகியவற்றுக்கு வில்லை வாங்குவது வீண் செலவு. கவிழ்த்து, உட்சுவரை நாரால் அழுத்தித் தேயுங்கள். வெறுமனே கொட்டினால் முட்டை அங்கேயே இருக்கும். மிச்சமுள்ள துண்டுகளை ஈரம் படாத டப்பாவில் வையுங்கள்.