பிரானூர் பார்டர்: பரோட்டாவும் நகர்ந்து போன எல்லையும்

தென்காசியிலிருந்து செங்கோட்டைக்குப் போகும் வழியில், ஊருக்குள் நுழைவதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது பிரானூர் பார்டர். மர அறுவை மில்களும் பரோட்டாக் கடைகளும் நிறைந்த இடம். நாங்கள் சாப்பிட்ட கடையின் பெயர் வேண்டாம். குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பரோட்டா சின்னதுதான், உள்ளங்கை அகலம். ஓரம் மொறுமொறுப்பு, நடுவில் பஞ்சு. இலையில் போட்டுவிட்டு, "பிச்சுப் போடவா?" என்று கேட்டுத்தான் சால்னா ஊற்றுகிறார்கள். சால்னா தண்ணியாக இருக்கிறதே என்று முகம் சுளிக்காதீர்கள். கெட்டியாக இருந்தால் பரோட்டாவுக்குள் இறங்காது. நாட்டுக்கோழி பெப்பர் சிக்கனுக்காகவே திரும்பப் போகலாம். சின்னச் சின்னத் துண்டு, எலும்போடு. மிளகுக் காரம் தொண்டையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போகும். காடை வறுவல் மட்டும் காய்ந்து போய், பழைய எண்ணெய் வாசத்தோடு வந்தது. அதைத் தவிர்த்துவிடலாம்.

கூட வந்தவர் திருமங்கலத்து மாமா. இலையிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: "பார்டர்ங்கிறாய்ங்க, ஒரு செக்போஸ்ட்டக் கூடக் காணோமே மாப்ள?"

நியாயமான கேள்வி. 1956 நவம்பர் 1 வரை இங்கே எல்லை இருந்தது. தென்காசி இந்தப் பக்கம். செங்கோட்டை திருவிதாங்கூர்ச் சீமை. 1911இல் மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர், வேலை பார்த்தது புனலூரில், திருவிதாங்கூர் வனத்துறையில். மொழிவாரி மாநிலம் பிரித்தபோது செங்கோட்டை நம்மோடு வந்தது. ஆரியங்காவு பக்கம் கேரளத்தோடு நின்றுவிட்டது. செக்போஸ்ட் இப்போது மேற்கே, புளியரையில். கடைகள் மட்டும் இடத்தை விட்டு நகரவில்லை.

நகரவும் தேவையில்லை. கொல்லத்தில் கிளம்பி புனலூர், தென்மலை, ஆரியங்காவு வழியாக மலையைத் தாண்டுகிற சாலை இந்தக் கடை வாசலில்தான் போகிறது. முன்பு 208, இப்போது 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி அது முடிகிற இடம் திருமங்கலம். இதைச் சொன்னதும் மாமா, "அப்ப இது எங்க ஊரு ரோடுல்ல!" என்று இன்னும் ரெண்டு பரோட்டா சொன்னார். அது என் கணக்கில்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போகிறவர்கள் கவனிக்க: குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவருகிற அதே ஆரியங்காவுக் கணவாய்க் காற்று இங்கேயும் அடிக்கும், அருவியில் குளித்துப் பசியோடு வருகிற கூட்டமும் வரும். டோக்கன், வரிசை எதுவும் கிடையாது. சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று இடம் பிடிக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஒரு குடும்பமே நிற்கும்போது எலும்பை நிதானமாகக் கடிக்க முடியவில்லை. கை கழுவும் இடமும் வழுக்குகிறது, பெரியவர்களைக் கூட்டிப் போனால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இருவருக்கு பில் 500 ரூபாயைத் தாண்டியது. பெப்பர் சிக்கனுக்கு அது தகும். சீசன் ஞாயிற்றுக்கிழமை என்றால் இரவு 7 மணிக்கு முன்பே போய்விடுங்கள். அதற்கு அப்புறம் கோழி இருக்கும், வண்டி நிறுத்த இடம் இருக்காது.