அப்பச்சியின் வலிக்கு மாத்திரையா, முதுகுத்தண்டுக் குழாயா?

கணையப் புற்றுநோயின் வலி முதுகுக்கும் பரவியபோது அப்பச்சிக்கு (எங்கள் பக்கம் அப்பாவை இப்படித்தான் அழைப்போம்; அம்மா, ஆத்தா) 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 30 மி.கி. மார்ஃபின் மாத்திரை கொடுத்துவந்தோம். வலியைவிட மயக்கம்தான் எங்களை வாட்டியது. காரைக்குடி வீட்டு வளவில் யார் வந்து நின்றாலும், "எந்தக் கோயில், யார் வீட்டுப் பிள்ளை?" என்று, நகரத்தார் வழக்கப்படி குலக்கோயிலைக் கேட்டே பேச்சைத் தொடங்குகிறவர், வந்தவர் முகம் பாராமல் உறங்கிக் கிடந்தார். மதுரையில், தண்டுவடத்தைச் சூழ்ந்த திரவத்துக்குள் மார்ஃபினை நேராகச் செலுத்தும் குழாயை வைக்கச் சம்மதித்தது அதனால்தான்.

மாத்திரை விலை குறைவு, அறுவை வேண்டாம். பலருக்கு அதுவே போதும். முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் விழுங்கிய மார்ஃபினில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் கல்லீரலைத் தாண்டி இரத்தத்தில் சேர்கிறது. அதிலும் சிறிதளவே மூளைக்கும் தண்டுவடத்துக்கும் போகிறது. கல்லீரல் மாற்றிய கழிவுகளைச் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டும். அது தளர்ந்தால் அவை தேங்கி மயக்கத்தைக் கூட்டும். அப்பச்சிக்குச் சிறுநீரகத் தளர்ச்சியைக் காட்டும் கிரியாட்டினின் அளவு இரத்தத்தில் ஏறியிருந்தது. எங்கள் முடிவின் ஆணிவேர் இதுதான். குழாய் வழி மருந்து, வலிச் செய்தி கைமாறும் தண்டுவடத்தின் பக்கத்திலேயே இறங்குகிறது. வாய்வழி 300 மி.கி.க்கு அங்கே 1 மி.கி. ஈடு என்பது வழக்கமான தொடக்கக் கணக்கு. அப்பச்சியின் நாளொன்றுக்கான 180 மி.கி.க்கு 0.6 மி.கி. வந்தது. மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார்கள். ஐந்தாம் நாள், பார்க்க வந்த பையனிடம், "எந்தக் கோயில்?" என்றார். ஆத்தா அழுதுவிட்டார்.

மறுபக்கமும் உண்டு. மார்ஃபின் கொழுப்பில் எளிதில் கரையாது. திரவத்திலேயே தங்கி மெல்ல மூளைப் பக்கம் ஏறும். ஆகவே மூச்சு மந்தம் பல மணி நேரம் கழித்தும் வரலாம். முதல் 24 மணி நேரம் நர்ஸ் மூச்சை எண்ணிக்கொண்டே இருந்தார். கொழுப்பில் கரையும் ஃபென்டனில் என்ற இன்னொரு வலி மருந்து குழாய் நுனியின் அருகிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். அதற்கு நுனி நிற்கும் இடம் இன்னும் முக்கியம். மார்ஃபினால் அப்பச்சிக்கு அரிப்பும் சிறுநீர் அடைப்பும் இரண்டு நாள் இருந்தன.

பராமரிப்பு எளிதில்லை. குழாய்க்குள் மருந்தைத் தள்ள உடலுக்கு வெளியே மாட்டிய பம்புக்கு மருந்து நிரப்ப மதுரைக்குப் போய்வர வேண்டும். காய்ச்சலோடு தலைவலி, கழுத்து விறைப்பு வந்தால் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம், நேரம் கடத்தாமல் கிளம்புங்கள் என்றார்கள். மருந்து திடீரென நின்றாலும் ஆபத்து. எங்கள் அனுபவம் மூன்று மாதம்தான்; உடலுக்குள் பதிக்கும் பம்பைப் பற்றி நான் சொல்ல முடியாது. குழாய் வைக்கும் முன், நள்ளிரவில் பம்பு நின்றால் யாரை அழைப்பது என்று மருத்துவரிடம் கேட்டு, அந்த எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். எண் கிடைக்காத ஊரில் நானும் மாத்திரையையே தேர்ந்தெடுத்திருப்பேன்.