கியோங்ஜுவில் எங்கே தங்கலாம்: ஓட்டு வீடா, ஏரிக்கரை ஹோட்டலா?

தென்கொரியாவின் கியோங்ஜுவில் அறை தேடுகிறவர்கள் விலையையும் படங்களையும் பார்ப்பதற்கு முன்னால் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். கி.பி. 935 வரை, ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள், சில்லா அரசின் தலைநகராக இருந்த ஊர் இது. அந்த அரசர்களைப் புதைத்த மேடுகள் இன்றும் புல் போர்த்திய குன்றுகளாக வீடுகளுக்கும் கடைகளுக்கும் நடுவே நிற்கின்றன. அந்தத் தோற்றம் கெடக் கூடாது என்பதற்காக ஊர் நடுவில் கட்டடங்களின் உயரத்துக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். 1970களில் சுற்றுலாவை வளர்க்கத் திட்டம் போட்ட அரசு, பெரிய ஹோட்டல்களுக்கு ஊருக்குக் கிழக்கே போமுன் ஏரிக்கரையில் தனியாக ஒரு வட்டாரத்தையே உருவாக்கியது. அது 1979இல் திறக்கப்பட்டது.

விளைவு, இங்கே விடுதியைத் தேர்ந்தெடுப்பது என்றால் ஊரின் எந்த மூலையில் இருக்கப்போகிறோம் என்று தேர்ந்தெடுப்பதுதான். பழைய ஊர் ஒரு பக்கம், அங்கிருந்து ஆறேழு கிலோமீட்டரில் போமுன், இன்னும் தள்ளி மலையடிவாரத்தில் புல்குக்சா கோயில். சியோலிலிருந்து இரண்டு மணி நேரத்தில் கொண்டுவந்து விடும் கேடிஎக்ஸ் அதிவேக ரயில் நிற்பதோ மேற்கே, ஊருக்கு வெளியே. ஸ்டேஷன் பக்கத்திலேயே அறை எடுத்தால் வசதி என்று நினைத்துவிட வேண்டாம். அங்கிருந்து எதற்கும் நடந்து போக முடியாது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை நாள் போனாலும் ஒரு ராத்திரியாவது பழைய ஊரில், புதைமேடுகளுக்கு நடந்து போகும் தூரத்தில் தங்குங்கள். பகலில் சுற்றுலா பஸ்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நிறைந்திருக்கும் இடம், இருட்டிய பிறகு வேறு ஊர் ஆகிவிடுகிறது. ஏழாம் நூற்றாண்டில் கட்டிய சோம்சோங்டே வான்நோக்குக் கோபுரத்துக்கு விளக்குப் போடுகிறார்கள். வோல்ஜி அரண்மனைக் குளம் இரவு பத்து மணி வரை திறந்திருக்கிறது. தண்ணீர் அசையாத ராத்திரியில் மண்டபங்கள் தலைகீழாக அப்படியே தெரியும். அதையெல்லாம் பார்த்துவிட்டு, மேடுகளின் கறுத்த வளைவுகளை ஒட்டி மெதுவாக நடந்து அறைக்குத் திரும்புவது இருக்கிறதே, கியோங்ஜு பயணமே அதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. போமுனில் தங்கியிருந்தால் அந்த நேரத்தில் டாக்ஸி தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பழைய ஊரில் தங்குவது என்றால் பெரும்பாலும் ஹனோக், அதாவது மரச்சட்டமும் களிமண் ஓடும் கொண்ட கொரிய மரபு வீடு. நடுவே முற்றம், அதைச் சுற்றி அறைகள். வாசலில் ஒரு கல்படி. செருப்பை அதன் மேல் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். அறைக்குள் கட்டில் கிடையாது. மடித்து வைத்த மெத்தையும் ரஜாயும் இருக்கும், நாமே விரித்துக்கொள்ள வேண்டும். நான் முதல் தடவை போனது ஜனவரியில். கதவில் கண்ணாடிக்குப் பதில் கையால் செய்த வெள்ளைக் காகிதம். உள்ளே நுழைந்ததும் குளிரத்தான் செய்தது. தரையில் உட்கார்ந்த பிறகுதான் விஷயம் புரிந்தது: சூடு கீழேயிருந்து வருகிறது. இதற்கு ஒண்டோல் என்று பெயர். அந்தக் காலத்தில் வெளியே அடுப்பெரித்து, புகையைத் தரைக்கல்லுக்கு அடியில் ஓட விடுவார்கள். அடுப்புக்குப் பக்கத்து மூலை அதிகம் சுடும், அது வீட்டுப் பெரியவருக்கும் விருந்தாளிக்கும் உரிய இடம். இப்போது பெரும்பாலும் வெந்நீர்க் குழாய்தான், ஆனால் சுகம் அதேதான். முதுகு கதகதவென்று இருக்கும், மூக்கு நுனி சில்லிட்டிருக்கும். விடிந்ததும் காகிதம் வழியாக வரும் வெளிச்சம் பால் மாதிரி அறையில் நிறையும். கண்ணாடி ஜன்னலில் அப்படி ஒரு வெளிச்சம் கிடைப்பதில்லை.

சரி, கஷ்டங்களையும் சொல்ல வேண்டும். காகிதக் கதவு சத்தத்தை நிறுத்தாது. பக்கத்து அறையில் ஒருவர் இருமினால் உங்கள் தலைமாட்டில் இருமியது போலக் கேட்கும். நான் தங்கிய வீட்டில் குளியலறை மிகச் சின்னது. ஷவருக்கும் டாய்லெட்டுக்கும் நடுவே தடுப்பில்லை. ஒருவர் குளித்துவிட்டு வந்தால் அடுத்தவர் ஈரத் தரையில்தான் காலை வைக்க வேண்டும். பழைய வீட்டில் பிற்பாடு சேர்த்த குளியலறைகள் பல இடங்களில் இப்படித்தான். நிலைகள் தாழ்வு, வாசற்படிகள் உயரம். நான் இரண்டு நாளில் மூன்று முறை தலையை இடித்துக்கொண்டேன். பெரிய பெட்டி கொண்டுபோனால் வைக்க இடமில்லாமல் திண்டாட வேண்டும். வாடகை இரண்டு பேருக்குத்தான், மூன்றாவது ஆளுக்குப் படுக்கைக் காசு தனி என்பதும் பல இடங்களில் வழக்கம்.

ஹனோக் என்று விளம்பரம் போடும் எல்லாமும் ஒன்றல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். பழைய குடும்ப வீட்டையே திருத்தி வாடகைக்கு விடுவது ஒரு வகை. பழைய ஊரின் ஹ்வாங்னிதான்-கில் தெருவும் அதன் சந்துகளும் காபிக் கடைகளால் நிறைந்த பிறகு புதிதாகக் கட்டியவை இன்னொரு வகை. புதியவற்றில் கண்ணாடிக் கதவு, தாழ்வான கட்டில், நல்ல குளியலறை எல்லாம் உண்டு, விலையும் கூடுதல். அழகு கொஞ்சம் குறைந்தாலும் நான் அவற்றைக் குறைவாக நினைக்க மாட்டேன். காரணம் என் அம்மா. இரண்டாம் முறை அவரையும் அழைத்துப் போனேன். தரைச் சூடு அவர் முட்டிக்கு அவ்வளவு இதமாக இருந்தது. ஆனால் படுத்தவர் எழுந்திருப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கட்டில் போட்ட ஹனோக்கில் இரண்டும் கிடைக்கிறது: காலைத் தொங்கப்போட்டால் வெதுவெதுப்பான தரை, படுக்கக் கட்டில். முன்பதிவுக்கு முன் மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள். கட்டில் உண்டா, குளியலறை அறைக்குள்ளேயே இருக்கிறதா, தெருவை ஒட்டிய அறையா முற்றத்தைப் பார்த்த அறையா. முற்றத்து அறைதான் வேண்டும்.

இனி போமுன். ஏரியைச் சுற்றிப் பெரிய ஹோட்டல்கள், நடைபாதை, சைக்கிள், பிள்ளைகளுக்கான விளையாட்டுப் பூங்கா. ஆசிய-பசிபிக் நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஏபெக்கின் 2025 உச்சி மாநாட்டுக்கு உலகத் தலைவர்கள் வந்து கூடியதும் இந்த வட்டாரத்தில்தான். லிஃப்ட், குளியல் தொட்டி, நீச்சல் குளம், ஆங்கிலம் பேசும் வரவேற்பாளர், காலை பஃபே என்று எதற்கும் குறையில்லை. சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களும், சக்கர நாற்காலி தேவைப்படுகிறவர்களும், கார் எடுத்து ஓட்டுகிறவர்களும் யோசிக்காமல் இங்கேயே போகலாம். ஏப்ரல் தொடக்கத்தில் ஏரியைச் சுற்றிச் செர்ரி பூக்கும் வாரத்தில் இதை விட நல்ல இடம் ஊரில் இல்லை, ஆனால் அறை கிடைப்பதும் அப்போதுதான் கடினம். மற்ற நாளில் எனக்குள்ள குறை ஒன்றே ஒன்று: ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரிகிறது, கியோங்ஜு தெரிவதில்லை. ஆசியாவின் எந்த ஏரிக்கரை ஊராகவும் அது இருக்கலாம். ஒரு விஷயம், கொரிய ஹோட்டல்கள் பலவற்றில் கட்டில் இல்லாத ஒண்டோல் அறைகளும் தனியாக உண்டு. ஹனோக்கின் சத்தமும் குளியலறையும் ஒத்துவராது, ஆனால் சூடான தரையில் ஒரு ராத்திரி படுத்துப் பார்க்க வேண்டும் என்பவர்கள் அதைக் கேட்டு வாங்கலாம்.

பஸ் நிலையங்களைச் சுற்றியுள்ள மோட்டல்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அறை பெரிது, குளியலறை பெரிது, விலை குறைவு, புதைமேட்டுப் பூங்காவுக்குக் கொஞ்ச தூர நடைதான். மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் பழக்கமும் இவற்றில் இருப்பதால் சனிக்கிழமைகளில் ராத்திரி வெகுநேரம் கழித்துத்தான் அறை தருவார்கள். தனியாகப் போகும் ஆணுக்கும் நண்பர் கூட்டத்துக்கும் சரிப்படும். குடும்பத்தோடு என்றால் நான் தவிர்ப்பேன்.

மடாலயத்தில் தங்குவது இந்தப் பட்டியலிலேயே சேராத தனி ரகம். 2002 உலகக் கோப்பைக் கால்பந்தை ஒட்டிக் கொரியாவின் பௌத்தக் கோயில்கள் வெளியாட்களுக்குக் கதவைத் திறந்தன. டெம்பிள்ஸ்டே என்ற அந்த ஏற்பாடு இன்றும் நடக்கிறது. இங்கே புல்குக்சாவிலும் உண்டு, கடற்பக்கம் போகும் வழியில் மலைக்குள் இருக்கும் கோல்குல்சாவிலும் உண்டு. கோல்குல்சாவில் பாறையில் செதுக்கிய புத்தரைச் சுற்றிக் குகைச் சன்னதிகள். ஆறாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்த துறவிகள் அமைத்த இடம் என்பது அந்தக் கோயிலின் மரபு. சொன்முடோ என்ற தியானப் போர்க்கலையையும் அங்கே கற்றுத் தருகிறார்கள். விடியலுக்கு முன் எழுப்பி வழிபாட்டுக்குக் கூப்பிடுவார்கள், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அறை, சொன்ன நேரத்துக்குச் சாப்பாடு. சைவச் சாப்பாட்டுக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கொரியாவில் கீரைக் குழம்பு போலத் தெரிவதில் கூட மீன் சாறு இருக்கலாம். கோயில் சாப்பாட்டில் மீன், இறைச்சி மட்டுமல்ல, வெங்காயம் பூண்டு கூடக் கிடையாது. எங்கள் பயணத்தில் அம்மா எதையும் விசாரிக்காமல் நிம்மதியாகச் சாப்பிட்ட ஒரே இடம் கோயில்தான்.

யாங்டோங் கிராமத்தையும் விட்டுவிட முடியாது. இரண்டு பிரபுக் குலங்கள் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக வாழும் ஊர், 2010 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. மேட்டில் ஓட்டு வீடுகள், தாழ்வில் கூரை வீடுகள். சில வீடுகளில் அறை தருகிறார்கள். இருட்டிய பிறகு செய்வதற்கு எதுவும் இல்லை, கையோடு சாப்பாடு வைத்திருப்பது நல்லது. இரண்டாம் முறை வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

மூன்று ராத்திரி இருந்தால் இரண்டு பழைய ஊரில், ஒன்று கோயிலில் என்று வைப்பேன். பிள்ளைகள் கூட இருந்தால் கோயிலுக்குப் பதில் போமுன். வெள்ளி, சனி விலை ஏறும், அதனால் ஹனோக்கை வார நாட்களில் போட்டுக்கொள்ளுங்கள். தெருவும் அப்போது அமைதியாக இருக்கும். வழி தேட கூகுள் மேப்பை நம்பாமல் நேவர் மேப் என்ற கொரிய வரைபடச் செயலியை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஹனோக்கின் சந்துகளுக்குள் டாக்ஸி நுழையாது, கடைசி நூறு மீட்டர் பெட்டியை உருட்டிக்கொண்டு நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.