கடன் வாங்கிக் கழிப்பதா, ஏற்றிக் கழிப்பதா?

ஆறாம் வகுப்பு படிக்கும் மகளுக்குத் தசமக் கழித்தல் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. பள்ளியில் கடன் வாங்கிக் கழிக்கிறார்கள். மளிகைக் கடைக்காரர் சின்ன எண்ணிலிருந்து பெரிய எண் வரை ஏற்றிக்கொண்டே போய் மீதிச் சில்லறை தருகிறார். வீட்டில் நான் பழக்கியது கடைக்காரர் வழியை. ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

864.7 − 352.4 போன்ற கணக்குக்கு எந்த முறையும் தேவையில்லை. புள்ளிக்கு நேர் புள்ளி வைத்து எழுதினால் விடை தானாக வந்துவிடும். 73 − 48 மாதிரி ஒரே ஒரு கடன் என்றால், "பக்கத்து வீட்டில் வாங்கு" என்று டீச்சர் சொல்வதே போதும்.

சிக்கல் மேல் வரிசையில் பூஜ்ஜியம் வரும்போதுதான். தசமத்தில் அந்தப் பூஜ்ஜியங்கள் கண்ணுக்கே தெரியாது. 20 − 7.385 என்று கொடுத்துப் பாருங்கள். புள்ளிக்குப் பின்னால் மேலே எதுவும் இல்லாததால், பல பிள்ளைகள் .385ஐ அப்படியே கீழே இறக்கி 13.385 என்று எழுதிவிடுவார்கள். 20.000 என்று எழுதத் தெரிந்த பிள்ளைக்கும் வேலை பாக்கி இருக்கிறது. கடைசி இடத்தில் கடன் கேட்டால் பக்கத்து வீட்டில் பூஜ்ஜியம், அடுத்த வீட்டிலும் பூஜ்ஜியம், புள்ளியைத் தாண்டினாலும் பூஜ்ஜியம். 2 வரைக்கும் போய், அதை 1 ஆக்கி, வழியில் இருக்கும் மூன்று பூஜ்ஜியங்களையும் 9 ஆக்கி, கடைசியில் 10 வைக்க வேண்டும். இத்தனை அடித்தல் திருத்தலில் ஒரு 9 நழுவினாலும் விடை போச்சு. எங்கே நழுவியது என்று நோட்டைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது.

அதையே ஏற்றிப் பார்ப்போம். 7.385உடன் 0.005 சேர்த்தால் 7.39. இன்னும் 0.01 சேர்த்தால் 7.4. 0.6 சேர்த்தால் 8. அங்கிருந்து 20க்கு 12. சேர்த்ததையெல்லாம் கூட்டினால் 12.615. அடித்தல் இல்லை, பூஜ்ஜியம் போட்டு நிரப்பும் வேலையும் இல்லை. 13.385 என்ற தப்பு விடைக்கு இங்கே வழியே கிடையாது. 7.385இல் ஆரம்பித்த பிள்ளை 8ஐத் தாண்டித்தானே 20க்குப் போக வேண்டும்?

இன்னொரு வசதி, அலகு மாறினாலும் இந்த முறை மாறாது. காலை 8.47க்குக் கிளம்பிய பஸ் 11.10க்கு வந்து சேர்ந்தால், கடன் முறையில் 10க்குப் பதில் 60 வாங்க வேண்டும் என்று நினைவு வைத்திருக்க வேண்டும். ஏற்றினால் 13 நிமிடத்தில் 9 மணி, பிறகு 2 மணி 10 நிமிடம். ஆக 2 மணி 23 நிமிடம். 1957 ஏப்ரல் 1க்கு முன்னால் ரூபாய்க்கு 16 அணா இருந்த காலத்துக் கணக்குக்கும் இதே கதைதான்.

மூன்றாவதாக ஒரு குறுக்குவழி உண்டு. இரண்டு எண்ணிலும் ஒரே அளவைக் குறைத்தால் வித்தியாசம் மாறாது. 20ஐ 19.999 ஆக்கி, 7.385ஐ 7.384 ஆக்கிவிட்டால் கடனே வராது. 9இலிருந்து எதைக் கழித்தாலும் கழியும். பிரெஞ்சுக் கணித அறிஞர் பாஸ்கல் 1642இல் உருவாக்கத் தொடங்கிய கணக்கு இயந்திரமும் 9இன் துணையோடுதான் கழித்தது. அதன் சக்கரங்கள் பின்னோக்கிச் சுழலாது. அழகான வழிதான். ஆனால் மேலே 20, 1000 மாதிரி முழு எண் இருந்தால்தான் முழுப் பலன். 503.2 − 267.45க்கு அவ்வளவாக உதவாது.

ஏற்றும் முறை எங்கும் ஜெயிக்கும் என்றும் சொல்ல மாட்டேன். 83.4172 − 26.5839ஐ எடுங்கள். 27க்கு ஏற்ற 0.4161, அங்கிருந்து 56.4172. இரண்டையும் தாளில் எழுதிக் கூட்டித்தான் 56.8333 வரும். இங்கே கடன் முறையும் அதே அளவு வேலைதான். நான் சொல்லிக்கொடுத்துப் பார்த்தது என் மகளுக்கு மட்டும். முதன்முதலாகக் கழித்தல் படிக்கும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது ஒத்துவருமா என்பதை அந்த வகுப்பு டீச்சர்தான் சொல்ல வேண்டும்.

பரீட்சைத் தாளில் கடன் வாங்கிய படிகளை எதிர்பார்க்கும் ஆசிரியர் என்றால், அவர் கேட்டபடியே எழுதட்டும். ஏற்றிப் பார்ப்பதை ஓரத்தில் சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் இப்போது அந்த ஏற்பாடுதான்.