சூயஸா, நன்னம்பிக்கை முனையா?

2023 நவம்பர் 19 அன்று ஹெலிகாப்டரில் வந்திறங்கிய ஏமன் நாட்டின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் செங்கடலில் கேலக்ஸி லீடர் என்ற சரக்குக் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு மாதத்துக்குள் மேர்ஸ்க், ஹபாக் லாய்ட் மாதிரி பெரிய கப்பல் கம்பெனிகள் எல்லாம் சூயஸ் கால்வாய்க்குப் போகும் வழியான செங்கடலில் கப்பல் விடுவதை நிறுத்தின. அப்புறம் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரே கேள்விதான்: சூயஸா, நன்னம்பிக்கை முனை வழியாக ஆப்பிரிக்காவைச் சுற்றியா?

தூரத்தில் பேச்சே இல்லை. சிங்கப்பூரிலிருந்து ராட்டர்டாம் சூயஸ் வழியாகச் சுமார் 8,500 கடல் மைல், சுற்றினால் 11,800. சுமார் பத்து நாள் கூடும்.

பணக்கணக்குதான் குழப்பும். சுற்றினால் எரிபொருள் எகிறும், ஆனால் கால்வாய்க் கட்டணமாகப் பல லட்சம் டாலர் மிச்சம். சூயஸ் வழியில் போர் அபாயக் காப்பீடு வேறு. அமைதிக் காலத்தில் கப்பல் மதிப்பில் 0.1 சதவீதத்துக்கும் கீழே இருந்த பிரீமியம் 0.7 சதவீதம் வரை ஏறியது. 10 கோடி டாலர் கப்பலுக்கு ஒரு தடவை கடக்க மட்டும் 7 லட்சம்.

காப்பீடு கப்பலுக்கு; மாலுமிக்கு? இஸ்ரேலோடு தொடர்புள்ள கப்பல்களைத் தாக்குவோம் என்று ஹூதிகள் சொல்லியிருந்ததால், சில கப்பல்கள் தங்கள் விவரத்தை மற்றவர்களுக்கு அனுப்பும் தானியங்கி அடையாளக் கருவியில், போய்ச்சேரும் துறைமுகத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘இஸ்ரேலோடு தொடர்பில்லை’ என்று எழுதிக்கொண்டு போயின. 2024 மார்ச் 6 அன்று ட்ரூ கான்ஃபிடன்ஸ் கப்பலில் ஏவுகணை விழுந்து மூன்று மாலுமிகள் இறந்தார்கள். மற்றவர்களை மீட்டது இந்தியக் கடற்படையின் ஐஎன்எஸ் கொல்கத்தா. என் ஓட்டு நன்னம்பிக்கை முனைக்குத்தான்.

ஆனால் அந்தப் பத்து நாளின் விலையைக் கொடுப்பது கப்பல் கம்பெனி இல்லை. கொரோனா காலத்தில் ஆர்டர் கொடுத்த புதுக் கப்பல்கள் வேலையில்லாமல் நிற்க வேண்டியவை. நீண்ட பாதை அவற்றையும் இழுத்துக்கொண்டது, சரக்குக் கட்டணமும் ஏறியது. அடி வாங்கியது எகிப்து: 2023இல் 1,000 கோடி டாலரைத் தாண்டிய கால்வாய் வருமானம் அடுத்த ஆண்டு சுமார் 400 கோடி. அடுத்தது திருப்பூர் மாதிரி ஊர்கள். தூத்துக்குடியில் ஃபீடர் என்னும் சிறு கப்பலில் ஏறி, கொழும்பில் தாய்க் கப்பல் என்னும் பெரிய கப்பலுக்கு மாறும் கோடைச் சட்டை, சீசன் தாண்டிப் போய் இறங்கினால் வாங்குபவர் தள்ளுபடி கேட்பார்.

மூன்றாவது வழியும் உண்டு: துபாய் வரை கப்பல், அங்கிருந்து விமானம். பனியனுக்குச் சரி. ஹூதிகளால் தாக்கப்பட்டு மூழ்கிய ரூபிமார் கப்பல் சுமந்த சுமார் 21,000 டன் உரத்தை எந்த விமானத்தில் ஏற்றுவது?