கெண்டைக்குக் காத்திருக்க எது நல்ல தாங்கி: ராட் பாடா, பேங்க் ஸ்டிக்கா?

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரே மாதத்தில் இரண்டு வகைத் தூண்டில் தாங்கிகளையும் வாங்கினேன். மூன்று தூண்டில்களை ஒருசேர வைக்கும் அலுமினிய ராட் பாட் ஒன்றுக்கு 95 வெள்ளி, துருப்பிடிக்காத எஃகில் செய்த பேங்க் ஸ்டிக் நான்குக்கு 52 வெள்ளி கொடுத்தேன். அன்று முதல் சிங்கப்பூரின் கட்டணக் குளங்களிலும், மாதத்தில் ஒரு முறையாவது என் மாமாவுடன் போய்வரும், ரோகு என்னும் கெண்டை இன மீன் உள்ள மலேசியாவின் ஜொகூர் குளங்களிலும் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன். கடையில் பார்க்கும்போது ராட் பாட்தான் கண்ணை இழுக்கும்; ஆனால் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது நாம் உட்காரப் போகும் கரையை.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேங்க் ஸ்டிக் என்பது கரை மண்ணில் ஊன்றும் கூர்முனைக் கம்பி. உள்ளிருந்து இழுத்து உயரத்தைக் கூட்டலாம். தலையில் உள்ள புரியில் முன்பக்கம், மீன் இழுத்தால் ஒலிக்கும் அலாரத்தையும் பின்பக்கம் தூண்டிலின் அடிப்பிடியைத் தாங்கும் கவையையும் திருகிவிடலாம். ஒரு தூண்டிலுக்கு இரண்டு கம்பி வேண்டும். ராட் பாட் என்பது தரையைத் துளைக்காமல் தன் கால்களிலேயே நிற்கும் சட்டம்; அதன் குறுக்குக் கம்பிகள் இரண்டில் தூண்டில்கள் வரிசையாகப் படுத்திருக்கும்.

தூண்டிலைத் தாங்கியில் வைத்துக் காத்திருக்கும் இந்த வழக்கம் இங்கிலாந்தின் கெண்டைக் குளங்களிலிருந்து வந்தது. 1952இல் ரெட்மயர் குளத்தில் 44 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ள கெண்டையைப் பிடித்த ரிச்சர்ட் வாக்கர், மீன் இரையை எடுப்பதை ஒலியால் அறிவிக்கும் மின் அலாரத்தையும் தாமே வடிவமைத்தவர். அந்த நாட்டுக் குளக்கரைகளில் பெரும்பாலும் கம்பி இறங்கும் மண் உண்டு. சரளைக் கரையும் மரமேடையும் கம்பிக்கு இடம் கொடாத இடங்களில்தான் ராட் பாட் தேவையாகிறது.

நம் ஊரில் அந்தத் தேவை இன்னும் அதிகம். நீர்த்தேக்கங்களில் பொதுப் பயனீட்டுக் கழகம் குறித்துக் கொடுத்த இடங்களில் மட்டுமே தூண்டில் போடலாம். லோயர் சிலேத்தார் நீர்த்தேக்கப் பூங்காவில் அதற்கென்றே ஒரு மேடை இருக்கிறது. கம்பியை நிறுத்துவதற்காகப் பொது மேடையின் பலகையில் திருகாணி இறக்குவதும், எல்லோரும் நடக்கும் பூங்காப் புல்தரையில் கூர்முனைக் கம்பியை அடிப்பதும் எனக்கு ஒப்பாத செயல்கள். கெண்டைக்காக நான் போகும் கட்டணக் குளத்தின் கரையோ முழுக்க சிமெண்ட். அங்கே பேங்க் ஸ்டிக் வெறும் கம்பிதான். ராட் பாடை விரித்து, நான்கு கால்களையும் மட்டம் பார்த்து நிறுத்த எனக்கு ஆறு நிமிடம் ஆகிறது. அதன் பிறகு மாலை முழுவதும் அதைத் தொட வேண்டியதில்லை.

ஜொகூரில் நிலைமை தலைகீழ். அங்குள்ள குளக்கரைகள் பெரும்பாலும் வெறும் மண். முதல் நாள் மழை பெய்திருந்தால் கால் புதையும். முதல் முறை நான் ராட் பாடைப் பிரித்துக் கொண்டிருந்தபோது, மாமா தம் இரண்டு கம்பிகளை ஊன்றி, தூண்டிலை வீசிவிட்டு, தேநீரும் ஊற்றிக்கொண்டார். "மண்ணு கெடக்குற எடத்துல இந்த நாலு காலு எதுக்கு மாப்பிள்ளை? ரெண்டு குச்சி போதும்" என்றார். அவர் வேலை மிச்சத்தைச் சொன்னார் என்றே அப்போது நினைத்தேன். அதில் மீன்பிடிப்பின் நுட்பமும் இருந்தது அன்று மாலைதான் தெரிந்தது.

மூன்று தூண்டில்களில் ஒன்றைக் குளத்தின் நடுவிலும், ஒன்றை இடப்பக்கம் தாமரைக் கொடிகளின் ஓரத்திலும், ஒன்றை வலப்பக்கம் நீரைக் கலக்கும் காற்றுச் சக்கரத்தின் அருகிலும் போட்டிருந்தேன். ராட் பாடில் மூன்று தூண்டில்களும் ஏறக்குறைய ஒரே திசையைத்தான் பார்க்கும். ஆகவே நடுத் தூண்டிலின் தங்கூசி, அதாவது முள்ளைக் கட்டும் நரம்பு, நேராகப் போக, மற்ற இரண்டும் நுனி வளையத்தில் மடிந்து பக்கவாட்டில் போயின. அப்படி மடியும் இடத்தில் உராய்வு கூடுகிறது. மீன் இரையை வாயில் எடுத்து மெல்ல நகரும்போது அந்த அசைவின் ஒரு பகுதி அங்கேயே தேய்ந்துபோய், மிச்சம்தான் தங்கூசி உருளும் அலாரச் சக்கரத்தை எட்டுகிறது. இடப்பக்க அலாரம் இரண்டு முறை விக்கியது போல ஒலித்து அடங்கியது. நான் எழுந்து போவதற்குள் ரோகு தாமரைத் தண்டுகளுக்குள் நுழைந்து தங்கூசியைச் சுற்றிவிட்டது. அறுத்துவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. கொடிக்குள் முள்ளோடு ஒரு மீனை விட்டுவந்தது இன்றும் மனத்தை உறுத்துகிறது.

அடுத்த பயணத்தில் அதே மூன்று இடங்களுக்கும் பேங்க் ஸ்டிக்கில் வைத்தே போட்டேன். குறைந்த இரண்டு கம்பிகளை மாமாவிடம் வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு தூண்டிலையும் அதன் இரை கிடக்கும் திசைக்கே திருப்பி, முன் கம்பியைத் தாழ்த்தி நுனியை நீர்மட்டத்துக்கு ஒட்டி வைக்க முடிந்தது. தங்கூசி தாழ்ந்து கிடந்ததால் காற்று அதைப் பிடித்து ஆட்டவில்லை. மீன் கரையை நோக்கி வரும்போது தங்கூசி தளர்ந்து, அதில் தொங்கவிட்ட குண்டு கீழிறங்கும் அந்த நுண்ணிய அறிகுறிகூட உடனே தெரிந்தது. கெண்டைக்கு இது பெரிய வேறுபாடு. ஏனென்றால் அது இரையைக் கவ்விக்கொண்டு ஓடும் மீனன்று, உறிஞ்சிப் பார்த்துத் துப்பும் மீன்.

ராட் பாடின் மற்றொரு குறை, எல்லாத் தூண்டில்களும் ஒரே சட்டத்தைப் பகிர்ந்துகொள்வது. மீன் பட்ட தூண்டிலை அவசரமாகத் தூக்கினால் மற்ற இரண்டும் அதிர்ந்து பொய்யாக ஒலிக்கும். சிமெண்ட் கரையில் ஒரு முறை ரீலின் இழுவைத் தடையை இறுக்கியபடி விட்டிருந்தேன். மீன் இழுத்த இழுப்பில் சட்டத்தின் பின்கால்கள் தரையிலிருந்து எழும்பின. அன்று முதல், மீன் இழுத்தால் தங்கூசியைத் தடையின்றி விடும் பெயிட்ரன்னர் வகை ரீலை மட்டுமே அதில் வைக்கிறேன். சட்டத்தின் நடுவில் தண்ணீர் நிரப்பிய பையொன்றையும் தொங்கவிடுகிறேன். நான் வாங்கிய பாடின் கால்களை இறுக்கும் பிளாஸ்டிக் பூட்டுகளில் இரண்டு ஏழாவது மாதத்திலேயே வெடித்தன. கடைக்காரர் மாற்றித் தர மறுத்துவிட்டார். எனவே பூட்டு உலோகத்தில் உள்ள பாடையே தேடுங்கள்.

பேங்க் ஸ்டிக்கும் குறையற்றதன்று. நனைந்த மண்ணில் ஒரு சாண் ஊன்றினால் போதாது. நான் குறைந்தது 30 சென்டிமீட்டர் இறக்குகிறேன். காய்ந்த செம்மண்ணில் சாதாரணக் கூர்முனை இறங்காது, திருகு போன்ற முனை வேண்டும். இறங்கவில்லையே என்று மரச்சுத்தியலால் தலையில் தட்டியதில் என் கம்பி ஒன்றின் புரி நசுங்கி, அலாரம் ஏறாமல் போய்விட்டது. தலையில் தட்டாதீர்கள்; குறுக்குப் பிடி வைத்துத் திருகி இறக்குங்கள்.

புரியைப் பற்றி இன்னொன்று. கெண்டைக் கருவிகளில் வழக்கமாக இருப்பது அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு விட்டமும், அங்குலத்துக்கு 20 சுற்றும் கொண்ட பழைய ஆங்கிலேயப் புரி. புகைப்படக் கருவிகளின் முக்காலியிலும் அதே விட்டத்தில் ஒரு புரி உண்டு. ஆனால் அதற்கு 16 சுற்று. முதல் சுற்றில் ஏறுவது போல் தோன்றிப் பிறகு இறுகி, இரண்டு புரிகளையும் கெடுத்துவிடும். உங்கள் அலாரத்தைக் கடைக்கே எடுத்துச் சென்று, திருகிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

எடையும் சிறிய விஷயமன்று. பையோடு சேர்த்து என் ராட் பாட் 4 கிலோவைத் தாண்டுகிறது. நான்கு கம்பிகளும் ஒன்றேகால் கிலோதான். காரில் போகிறவருக்கு இது பொருட்டில்லை. எம்ஆர்டி ரயிலில் ஏறி, ஜொகூருக்குப் போகும் உட்லண்ட்ஸ் எல்லைச் சோதனைச் சாவடியில் பேருந்து மாறி, வரிசையில் தோளில் சுமந்து நிற்பவருக்குத்தான் அந்த வேறுபாடு தெரியும். இடிமழையிலும் அப்படியே. இங்கு ஆண்டில் ஏறக்குறைய பாதி நாட்கள் இடி முழங்கும் நாட்கள். கார்பன் தூண்டில் மின்சாரத்தைக் கடத்தும். கம்பியிலிருந்து தூண்டிலை எடுத்துக் கீழே கிடத்திவிட்டு ஓட ஒரு நிமிடம் போதும். எந்தத் தாங்கியானாலும் வானம் இருண்டு இடி கேட்டுவிட்டால், அதை மடிக்க நிற்காமல் கூரைக்குள் போய்விட வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவர் 100 வெள்ளியோடு கடைக்குப் போனால், சிமெண்ட் கரைக் குளத்துக்கு மட்டும் போகிறவர் தாழ்வான, இரண்டு தூண்டில் வைக்கும் எளிய பாடை வாங்கட்டும். மண்கரைக்குப் போகிறவர் நல்ல கம்பி நான்கை வாங்கிக்கொண்டு மிச்சப் பணத்தை அலாரத்தில் போடட்டும். இரண்டு கரைக்கும் போகிறவருக்கு, கால்களைக் கழற்றினால் அவையே பேங்க் ஸ்டிக்காகும் பாட் வகை கிடைக்கிறது. என் உடைந்த பூட்டுகளுக்கு மாற்று கிடைக்காததால், அடுத்த மாதம் நான் வாங்கப்போவதும் அந்த வகையைத்தான்.