பிரெயில் டிஸ்பிளேயும் ஒரு விசைப்பலகையும்: வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பார்வையும் கேட்கும் திறனும் மிகக் குறைந்த ஒருவர் நேருக்கு நேர் பேச, இந்த ஜோடியைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். எதிரில் இருப்பவர் புளூடூத் விசைப்பலகையில் தட்டுவார். எழுத்துகள் டிஸ்பிளேயில் புள்ளிகளாக எழும்பும். விரலால் தடவிப் படிக்கலாம். ஹார்வர்ட் சட்டப் பள்ளியில் 2013இல் பட்டம் பெற்ற, செவித்திறனும் பார்வையும் குறைந்த முதல் மாணவியான ஹாபென் கிர்மா பேசுவது இப்படித்தான். 2015இல் வெள்ளை மாளிகையில் ஒபாமாவும் அவரிடம் தட்டச்சு செய்துதான் பேசினார். கிர்மா வாயாலேயே பதில் சொல்வார்.

முதலில் பார்க்க வேண்டியது செல்களின் எண்ணிக்கை. ஒரு பிரெயில் குறியைக் காட்டும் எட்டு ஊசிகளின் தொகுப்புதான் ஒரு செல். 14, 20, 32, 40 எனப் பல அளவுகள் உண்டு. தமிழில் படிப்பவர் 14ஐத் தவிர்ப்பது நல்லது. தமிழ் பிரெயிலில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஒரு செல், உயிர்க்குறிக்கு ஒரு செல் தனித்தனியாகப் போகும். 7 எழுத்துள்ள ‘வழக்கறிஞர்’ 10 செல்களைப் பிடித்துக்கொள்ளும். 14 செல்லில் சொல்லுக்குச் சொல் நகர்த்தும் பொத்தானை அழுத்தியே விரல் ஓய்ந்துவிடும். வழக்குக் கட்டு படிப்பவருக்கு 32 அல்லது 40தான் சரி. விலை கூடத்தான் செய்யும். 40 செல் என்றால் தனித்தனியே ஏறி இறங்கும் 320 ஊசிகள்.

விசைப்பலகை, டிஸ்பிளே இரண்டையும் ஒரே கைபேசியிலோ கணினியிலோ இணைத்து, திரையில் உள்ள எழுத்தைக் குரலாகவோ பிரெயிலாகவோ தரும் மென்பொருளான ஸ்கிரீன் ரீடரை இயக்கி, வெறும் குறிப்புச் செயலி ஒன்றைத் திறந்தால் போதும். தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். தட்டுவது டிஸ்பிளேயில் வரவில்லையா? பிரெயில் கர்சரைப் பின்தொடர்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் சிக்கல் அங்கேதான்.

தட்டுபவருக்கும் ஒரு பயிற்சி வேண்டும். பிழை வந்தால் அழித்து அழித்துத் திருத்தக் கூடாது. படித்துக்கொண்டிருக்கும் விரலுக்கு அடியிலேயே எழுத்து மாறிப்போகும். பிழையோடு மேலே போகட்டும். அறைக்குள் யார் வந்தார், யார் சிரித்தார் என்பதையும் தட்ட வேண்டும். பேச்சில் பங்கேற்பது என்பதில் அதுவும் சேர்ந்ததுதான்.

ஊசிகளின் எதிரி விரல் எண்ணெயும் தூசியும். ஒரு செல்லில் 3ஆம் புள்ளி எழும்பாமல் சிக்கினால் ‘மரம்’ ‘சரம்’ ஆகிவிடும். படிப்பவருக்குச் சந்தேகமே வராது. கை கழுவித் துடைத்துவிட்டுத் தொடுங்கள், வேலை முடிந்ததும் மூடி வையுங்கள், செல்களின் மேல் எந்தத் திரவத்தையும் ஊற்றாதீர்கள்.

எவ்வளவு நல்ல கருவியானாலும் உள்ளே வரும் கோப்பில் எழுத்து இருக்க வேண்டும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம். டிஸ்பிளேயில் ஒன்றும் எழாது. மின்நூல் தளமான ஸ்கிரிப்டின் (Scribd) மேல் அமெரிக்காவின் பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு தொடுத்த வழக்கும் இதே தடையைப் பற்றியதுதான். ஸ்கிரீன் ரீடரால் அந்தத் தளத்தைப் படிக்க முடியவில்லை. வாதித் தரப்பு வழக்கறிஞர்களில் கிர்மாவும் ஒருவர். அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் 1990இல் வந்தது. இணையத்தில் மட்டுமே இயங்கும் நிறுவனமும் அதற்குள் அடங்கும் என்று சொல்லி, வழக்கைத் தள்ளுபடி செய்ய வெர்மான்ட் கூட்டாட்சி நீதிமன்றம் 2015இல் மறுத்தது. பிறகு சமரசமாகி, தளத்தைச் சரிசெய்ய நிறுவனம் ஒப்புக்கொண்டது.

எனவே வாங்கும் முன், அன்றாடம் படிக்கும் கோப்புகளில் நாலைந்தைத் திறந்து ஒரு வரியைத் தேர்வு செய்து பாருங்கள். தேர்வாகவில்லை என்றால், படத்தில் உள்ள எழுத்தை உண்மையான எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருளுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள்.